நாலாவது குழி

— சிகரெட்டைப் பத்த வெச்சு அவன் தலைமாட்டுல வை, கியெம். கையிலயே வெச்சுக்கிட்டு நின்னா எப்படி?

— மத்த மூணு பேருக்கும் வெச்சுட்டேன் தலைவரே. இந்த நாலாவது குழிக்கு யார் பேரைச் சொல்லி வைக்கிறதுன்னுதான் தெரியல.

— கல்லுல என்ன எழுதியிருக்கு? தியெப்னுதானே? அந்தப் பேரைச் சொல்லி வை.

— வருஷா வருஷம் அப்படித்தான் வெச்சேன். நம்ம பழைய பட்டாளத்து ஆளுங்க வண்டி பிடிச்சு வந்து, அழுது, குடிச்சு, பாட்டுப் பாடிட்டுப் போவோம். அதுவரைக்கும் பரவாயில்ல. இன்னிக்கு அவன் தங்கச்சி தாய் பின் ஊர்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்து, குழியைத் தோண்டி, அந்தத் தார்ப்பாய்க்கு அடியில குந்திக்கிட்டு ஒவ்வொரு எலும்பா சாராயத்துல கழுவுது. எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே முடியல.

— மெதுவாப் பேசு. காதுல விழும்.

— அழுதுக்கிட்டே கழுவுது. ஒண்ணும் விழாது.

— சொல்றதைக் கேளு. கழுவி முடிச்சதும் சிவப்புத் துணியில சுத்திப் பெட்டியில வெச்சு, மத்தியான ரயில்ல ஏத்தி விட்டுருவோம். அத்தோட முடிஞ்சுது. அவங்கம்மாவுக்குத் தொண்ணூறு வயசு தாண்டிடுச்சு. தொண்டையில தண்ணி கூட இறங்கலையாம். மகன் வந்துட்டான்னு காதுல விழுந்தா நிம்மதியாக் கண்ணை மூடும்.

— யாரு மகன் தலைவரே? அங்க கிடக்குறது நம்மளைச் சுட வந்தவன். அவனைக் குழிக்குள்ள இறக்குனப்ப காலை நான் பிடிச்சேன், தலையை நீங்க பிடிச்சீங்க. மறந்துட்டீங்களா?

— அவன் பூட்ஸைக் கழட்டுனது யாரு? நீதானே?

— கழட்டச் சொன்னது யாரு? நம்மாளுங்களுக்கு ரப்பர் செருப்புதான். பூட்ஸ் காலைப் பார்த்தா எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சுரும்னு சொன்னீங்க. கழட்டினேன். சட்டையை உருவினேன். தியெப் காட்டுல கட்டிப் படுத்த தூளித் துணியிலயே சுருட்டி உள்ள விட்டோம். எல்லாம் முடிஞ்சு, அந்த பூட்ஸை ஹனோய் வரைக்கும் போட்டுக்கிட்டு நடந்தவனும் நான்தான். ஒரு நம்பர் பெருசு.

— சிரிக்கிறதுக்கு இதுதான் நேரமா உனக்கு?

— சிரிக்கலேன்னா நான் இத்தனை வருஷம் உசுரோட இருந்திருக்க மாட்டேன்.

— வேற என்ன பண்ணச் சொல்ற? குண்டு விழுந்த இடத்துல தியெப்போட தொப்பி மட்டும்தான் கிடந்துச்சு. உடம்பு இல்லேன்னா காணாமப் போனவன்னு எழுதுவாங்க. காணாமப் போனவன்னா ஊர்ல என்ன அர்த்தம்? ஓடிட்டான், இல்லேன்னா எதிரி கூடப் போய்ச் சேர்ந்துட்டான். அந்த அம்மா கிணத்தடிக்குக் கூடத் தலை நிமிர்ந்து போயிருக்க முடியாது. நாலு பேரைப் புதைச்சேன்னு எழுதினேன். வீரமரணம்னு அரசாங்கத் தாள் போச்சு. அந்த வீட்டுக்கு ஒரு மரியாதை வந்துச்சு. இதுல என்ன தப்பு?

— தப்புன்னு நான் சொன்னேனா? அன்னிக்கு எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஆனா இப்ப அந்த ஆளைக் கொண்டு போய் தியெப்போட அம்மா பக்கத்துல படுக்க வெக்கப் போறாங்க. அவனைப் பெத்தவ எந்த ஊர்ல எங்க நின்னு ஊதுவத்தி கொளுத்தினாளோ. தங்கச்சிகிட்ட சொல்லிருவோம் தலைவரே. இப்பவும் நேரம் இருக்கு.

— சொல்லி? அது எங்க போய்த் தேடும்? சாகக் கிடக்குற அம்மாகிட்ட வெறுங்கையோட போய் நிக்கவா? சொல்றதைக் கேளு கியெம். இது தெரிஞ்சவங்கள்ல நாம ரெண்டு பேருதான் மிச்சம். நமக்கப்புறம் இது யாருக்கும் தெரியாது.

— அண்ணே, ரெண்டு பேரும் கொஞ்சம் வரீங்களா?

— என்னம்மா லுவா? சாராயம் பத்தலையா?

— சாராயம் இருக்குண்ணே. தாடையைக் கழுவிக்கிட்டு இருந்தேன். இந்தப் பல்லைப் பாருங்களேன்.

— மண்ணு ஒட்டியிருக்கும்மா.

— மண்ணு இல்ல. தேய்க்கத் தேய்க்க மினுங்குது. தங்கம். எங்கண்ணன் பட்டாளத்துக்குப் போன அன்னிக்கு வீட்டுல மரவள்ளிக் கிழங்குதான் அவிச்சோம். அவருக்குத் தங்கப் பல்லு எங்கேர்ந்து வந்துச்சு?

— பட்டாளத்துல கட்டியிருப்பாங்க.

— பட்டாளத்துல பல்லு விளக்க உப்பே கிடைக்கல தலைவரே.

— நீ வாயை மூடு கியெம்.

— துவான் அண்ணே, நீங்க பேசாதீங்க. கியெம் அண்ணே, நீங்க சொல்லுங்க. நான் மடியில வெச்சு அழுத தலை யாரோடது?

— லுவா, முதல்ல அதைத் துணியில வை. வெயில் படுது. இப்படி உக்காரு. அது உங்கண்ணன் இல்லம்மா. எதிர்ப்பக்கத்துச் சிப்பாய். பேரு தெரியாது. உங்கண்ணன் உடம்பு கிடைக்கல. கிடைக்கலேன்னு எழுதினா உங்க குடும்பத்துக்குக் கெட்ட பேரு வரும்னு தலைவரு பயந்தாரு. அதான் இவனை அந்த இடத்துல வெச்சோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெச்சோம்.

— அப்ப எங்கண்ணன் செத்ததைக் கண்ணால பார்த்தது யாரு?

— பெரிய குண்டும்மா அது. விழுந்த இடத்துல குளம் வெட்டுன மாதிரி இருந்துச்சு. அங்க எவன் பிழைப்பான்?

— பார்த்தது யாருன்னு கேட்டேன் துவான் அண்ணே.

— யாரும் பார்க்கல.

— தியெப் செத்துட்டான், நானே என் கையால புதைச்சேன்னு எழுதியிருந்தீங்களே. அதை வாத்தியார் எங்களுக்குப் படிச்சுக் காட்டினாரு.

— உங்க நல்லதுக்குத்தான் எழுதினேன். சத்தியமாச் சொல்றேன்.

— நல்லதுக்குத்தான். எனக்குத் தெரியுது. அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு அண்ணன் படத்துக்குப் பக்கத்துல மாட்டினா அம்மா. சண்டை முடிஞ்ச வருஷம், அண்ணனோட திதி அன்னிக்கு அது அடியில படையல் போட்டிருந்தோம். பொழுது சாயுற நேரம். வாசல்ல ஒரு ஆளு வந்து நின்னுச்சு.

— யாரு?

— தெரியலண்ணே. எலும்பும் தோலுமா இருந்துச்சு. தாடையில ஒரு பக்கத்தைக் காணோம். வாயைத் திறந்து என்னமோ கத்துது, ஒண்ணும் வார்த்தையா வரல. படையல் சோத்தையே கை காட்டுது. நான் சின்னப் பொண்ணு, அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டேன். மவன் ஆவி பசியோட வந்து நிக்குதுன்னு அம்மா நடுங்கிப் போயிட்டா. செத்தாச்சு, புதைச்சாச்சு, தாளு வந்தாச்சு. வேற என்னன்னு நினைப்பா? அலையுற ஆவிக்கு எறியுற மாதிரி அரிசியும் உப்பும் அள்ளி அது மூஞ்சியில எறிஞ்சா. போயிருய்யா, உன் எலும்பைத் தூக்கிட்டு வந்து என் பக்கத்துல வெச்சுக்கிறேன்னு கும்பிட்டா. நான் ஓடிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அன்னிக்குக் கொடுத்த வாக்குக்குத்தான் அம்மா இன்னும் உசுரைப் பிடிச்சுக்கிட்டு கிடக்குறா.

— ஆவிதான்மா அது. திதி அன்னிக்குத்தானே வந்துச்சு. ஆவியாத்தான் இருக்கும். நீயும் சொல்லேன் கியெம்.

— தங்கச்சி சொல்லி முடிக்கட்டும் தலைவரே.

— விடிஞ்சதும் வாசல் பெருக்கப் போனேன். எறிஞ்ச அரிசியில ஒரு மணி கூடக் கிடக்கல. கோழி பொறுக்கியிருக்கும்னு அம்மா சொன்னா, நானும் பேசாம இருந்துட்டேன். அந்த வருஷம் எங்க வீட்டுல கோழியே கிடையாதுண்ணே.