நீல ஒலிநாடாக்கள்

ஐயா,

நீங்கள் விசாரணைக்கு வருவீர்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் காலையில் சவரம் செய்திருப்பேன். பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை. விடுமுறை நாட்களில் நான் சவரம் செய்வதில்லை. இந்த வாக்குமூலத்தை என் கைப்பட நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டதைத் தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் எழுத்தர் நல்ல பிள்ளைதான். ஆனால் முதல் வரியிலேயே ‘சம்பந்தப்பட்ட’ என்பதை ‘சம்மந்தப்பட்ட’ என்று எழுதிவிட்டார். என் பெயரில் அப்படி ஒரு காகிதம் அரசாங்கக் கோப்பில் கிடப்பதை என்னால் தாங்க முடியாது.

என் பெயர் கோதண்டபாணி. திண்டிவனத்தில் இருபத்தாறு வருடமாகத் தமிழாசிரியர். கவியரங்க மேடைகளில் ‘கிடங்கல் கோ’ என்று சொன்னால்தான் தெரியும். கிடங்கல் என்பது ஊரின் பழைய பகுதி. ஒருமுறை விழுப்புரத்தில் ‘கிடங்குக் கோ’ என்று சுவரொட்டி அடித்துவிட்டார்கள். என்னை மண்டிக்காரர் என்று நினைத்து ஒருவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை என்ன விலை போகிறது என்று கேட்டார். நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பச்சைமுத்துவைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அவனைப் பிடிக்கும். மைக் செட்காரன். சைக்கிள் ரிக்‌ஷாவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். இன்றே இப்படம் கடைசி, மேல்மலையனூர் அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்து, ஆடித் தள்ளுபடி, இன்னார் இயற்கை எய்தினார் எல்லாம் அவன் குரல்தான். எங்கள் இலக்கிய மன்றத்துக் கவியரங்கங்களுக்கும் அவன்தான் மைக். என் வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அவனுக்கென்றே தனியாக ஒரு கண்ணாடி டம்ளர் வைத்திருந்தாள் என் மனைவி கிருஷ்ணவேணி. அதில் வேறு யாருக்கும் காப்பி கொடுக்கமாட்டாள். அப்படி ஒரு மரியாதை.

கறுப்பின மக்கள் என்றால் எனக்கு உயிர். அமெரிக்காவில் அவர்களுக்குத் தண்ணீர்க் குழாயைக்கூடத் தனியாக வைத்தார்கள் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘கண்ணீர்க் கண்டம்’ என்று நூற்றுப் பன்னிரண்டு வரியில் கவிதை எழுதினேன். பதினைந்து வருடமாக அதைத்தான் மேடைகளில் பாடி வருகிறேன். இந்த மாவட்டத்தில் அவர்களுக்காக அழுதவன் நான் ஒருவன்தான். அதில் போட்டிக்கு ஆள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆள் வந்தது காதர் பாட்சாவால். கோட்டக்குப்பத்துக்காரர், சவூதியில் டிரைவராக இருந்து திரும்பி, இங்கே ஃபாரின் சாமான் கடை வைத்தவர். அங்கே கூட வேலை பார்த்த ஒரு அமெரிக்கக் கறுப்பர் ஊர் திரும்பும்போது இவருக்கு ஆறு கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறின் மேலும் பேனாவால் ‘ப்ளூஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது அவர்களுடைய துக்கப் பாட்டின் பெயர். கடையில் யாரும் சீண்டவில்லை. “எனக்கு ஒண்ணும் வெளங்கல, நீயாவது போட்டுக் கேளுப்பா” என்று பச்சைமுத்துவிடம் கொடுத்துவிட்டார்.

அவன் அதைக் கேட்டு என்ன ஆனான் என்பது எனக்குப் போன மாசி மாதம் விழுப்புரத்தில்தான் தெரிந்தது. நகராட்சித் திடலில் கவியரங்கம். என் தலைமை. சிறப்பு விருந்தினரின் கார் விக்கிரவாண்டியில் பஞ்சராகிவிட்டது. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. ஏதாவது சொல்லிச் சமாளிப்பா என்று நான்தான் அவனிடம் சொன்னேன். அவன் மைக்கைத் தட்டினான். வழக்கம்போல ஹலோ, மைக் டெஸ்டிங் என்றான். தட்டுவதை நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

“வண்டி எல்லா ஊர்லயும் நிக்குது,
எங்க தெரு முனையில மட்டும் நிக்கல.
வண்டி எல்லா ஊர்லயும் நிக்குது,
எங்க தெரு முனையில மட்டும் நிக்கல.
கைய காட்டனேன், நிக்கல. கத்தனேன், நிக்கல.
நோவா கெடந்த எங்கம்மாவத் தூக்கிக்கினு நின்னேன்,
அப்பவும் நிக்கல.
ஹலோ. மைக் டெஸ்டிங். ஒண்ணு, ரெண்டு, மூணு.
கேக்குதா?
பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்குதா?”

யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர், “கேக்குதுடா எப்பா” என்றார். பிறகு திடல் முழுக்க அதையே சொன்னது. நான் மேடையில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நடிப்பு இல்லை ஐயா, நிஜமாகவே அழுதேன். அடுத்து என் ‘கண்ணீர்க் கண்ட’த்தைப் பாடினேன். நாற்பதாவது வரியில் கூட்டம் மல்லாட்டை உடைக்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மறுநாளே ஊருக்கு வெளியே அவன் குடியிருக்கும் காலனிக்குப் போனேன். முதல் தடவையாகப் போனேன். அவன் மனைவி அம்சா முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி நாற்காலி இரவல் வாங்கி வந்தாள். பாட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரில் அவன் ஒரு கேசட்டைப் போட்டான். ஒருவன் பாடினான். அதற்கப்புறம் ஒருவன் பாடவே இல்லை, வெறும் முழவுச் சத்தத்தில் பேசினான். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் திரும்பப் போடச் சொன்னேன்.

“ஒரே வரிய ரெண்டு தபா சொல்றான் பாருங்க ஐயா. மொத தபா நமக்குச் சொல்றான். ரெண்டாந்தபா அவனுக்கே சொல்லிக்கறான்.”

“உனக்கு இங்கிலீஷ் புரிகிறதா?”

“இன்னாத்துக்குப் புரியணும்? எங்க தெருவுல செத்தா எப்பிடி அழுவாங்களோ அப்பிடியே அழுவறான். அதுவும் அவசரத்துல கூட்டி அள்ளிட்டுப் போற மாரி அழுவல. நின்னு கணக்கா அழுவறான்.”

இருபத்தாறு வருடம் யாப்பிலக்கணம் நடத்தியவனுக்கு இந்த விளக்கம் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நானும் முயன்றேன். கதவைச் சாத்திக்கொண்டு, மேசையைத் தட்டி, ஒரு வரியை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கிருஷ்ணவேணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஒடம்பு கிடம்பு சரியில்லிங்களா, கஷாயம் வெக்கட்டுமா?” என்றாள். ஆறு மாதம் முயன்றேன். அதற்குள் பக்கத்து ஊர் மேடைகளிலும் அவனைப் பேசக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் அவன் பேச்சைக் கேட்டு அழுதான். இன்னொருவன் அழுகிறவனைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் நாகரிகமான வேறு சொல் தேடினேன், அகப்படவில்லை.

ஐப்பசியில் மதராஸிலிருந்து கடிதம் வந்தது. கறுப்பின மக்களுக்கு ஆதரவாக மாநில அளவில் ஒரு கவியரங்கம், மாவட்டத்துக்கு ஒருவர். அப்படி ஒரு கடிதத்துக்கு நான் பதினைந்து வருடம் காத்திருந்தேன். நின்றுகொண்டே பிரித்தேன். ‘தங்கள் மன்றத்தின் மைக் கவிஞர் திரு. பச்சைமுத்து அவர்களைத் தாங்கள் உடன் அழைத்து வந்து உதவ வேண்டுகிறோம்’ என்று இருந்தது. உதவ.

நான் கடிதத்தை மறைக்கவில்லை. அவனைக் கூப்பிட்டு வாசற்படியில் உட்காரவைத்து, உரக்கப் படித்துக் காட்டினேன். அவன் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“மெட்ராஸுக்கு அவங்களும் வருவாங்களா ஐயா? கறுப்பருங்க?”

“வரமாட்டார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவோம்.”

“அப்ப அவங்களும் நம்மள மாரிதான்” என்று சிரித்தான். என்ன அர்த்தத்தில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அதற்கு நான்கு நாள் கழித்துக் காவல் நிலையத்துக்கு ஓர் அஞ்சல் அட்டை போனது. அதை எழுதியது யார் என்று நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம். ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, “மொட்டக் கடுதாசிய எவன்யா ஒற்று மிகவெச்சு எழுதுவான்? தமிழ் வாத்தியாராத்தான் இருக்கணும்” என்று சொன்னதாக நீங்கள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். இந்த ஊரில் ஒற்றைக் கவனிக்கிற ஓர் ஆளாவது இருக்கிறாரே என்ற பெருமைதான். நான்தான் எழுதினேன்.

ஆனால் அதில் ஒரு பொய்கூட இல்லை. ‘காலனித் தெருவைச் சேர்ந்த பச்சைமுத்துவின் இல்லத்தில் நீல ஒலிநாடாக்கள் ஆறு உள்ளன. சமூக நலன் கருதி உடன் கவனிக்க.’ இவ்வளவுதான் வாசகம். மேடையில் நான் பிறமொழி கலப்பதில்லை, அஞ்சலட்டையிலும் கலப்பதில்லை. ‘ப்ளூஸ்’ என்பதற்கு நீலம். கேசட் என்பதற்கு ஒலிநாடா. ஆறு என்பது ஆறு. சொல்லுக்குச் சொல் மெய். நீலம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்களுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற படங்கள் ஞாபகம் வந்தால் அது அவர்கள் புத்தியின் கோளாறு.

காலை பத்து மணிக்கு வந்தார்கள். மின்சாரமே இல்லாத வீட்டில் வீடியோ டெக்கைத் தேடினார்கள். கேப்பைப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். டி.வி. எங்கே, டெக் எங்கே, படத்தை எங்கே போட்டுக் காட்டுகிறாய், யார் யார் பார்க்க வருகிறார்கள் என்று கேட்டு, அவனையும் கேசட்டுகளையும் கொண்டுபோனார்கள். இல்லாததை எங்கே என்று கேட்டால் அவன் என்ன சொல்வான். எந்த நிலையம் என்பது உங்கள் கோப்பில் இருக்கும், நான் எழுதவில்லை.

காதர் பாட்சா ஓடிப்போய், அது பாட்டு சார், போட்டுக் கேட்டுப் பாருங்க என்று மன்றாடியிருக்கிறார். போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஏட்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இன்னாய்யா இப்பிடி மொனவுறான்?” என்றாராம். அழுகிறான் என்று இவர் சொல்ல, “எங்களுக்குத் தெரியாதா, எது அழுவ, எது வேறன்னு?” என்றாராம். அதோடு இவரையும் ஒரு நாள் உட்காரவைத்துவிட்டார்கள்.

பச்சைமுத்து மூன்று நாள் உள்ளே இருந்தான். இரண்டாம் நாள், தன்னைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறான். ஆள் அனுப்பிக் கேட்டார்கள். எனக்குப் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துகிற வேலை இருந்தது. மைக் கட்டுகிறவர்களில் ஒருவன், அதிகம் பழக்கமில்லை என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் தொண்டையில் பலமாக அடி விழுந்திருக்கிறது. டாக்டர் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் சொன்னால், இனிப் பேச்சு வராது. மூச்சுதான் வரும்.

மதராஸ் நிகழ்ச்சிக்கு ஆறு நாள் இருந்தது. மாவட்டத்தின் இடம் காலியாகக் கிடப்பது நன்றாக இராது. நான் போனேன். ‘கண்ணீர்க் கண்ட’த்தைப் பாடவில்லை. பச்சைமுத்துவின் வரிகளைத்தான் சொன்னேன், கொச்சை நீக்கி. ‘ஊர்தி எல்லா ஊர்களிலும் நிற்கின்றது.’ மைக்கையும் தட்டினேன். ‘பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கின்றதா?’ என்று முடித்தேன். பின்னால் யாரும் நிற்கவில்லை, எல்லோருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனாலும் நல்ல கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தப் பொன்னாடையை நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அவனுக்கே போர்த்திவிட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. அவனுக்கு அதுவரை எதுவும் தெரியாது. அம்சாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பொன்னாடையை அவன் மேலிருந்து எடுத்து மடித்து என் மடியில் வைத்தாள்.

“அவுரு பேசவேண்டியத நீங்க போய்ப் பேசிட்டு வந்தீங்களாமே. அவுரு வாங்கன அடிய மட்டும் ஏன் சார் அவுருக்கே வுட்டுட்டீங்க?”

படிக்காத பெண். ஆனால் வாக்கியம் சுத்தமாக இருந்தது. உங்களுக்கு மனு கொடுத்ததும் அவள்தான் என்று நினைக்கிறேன். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் அந்த அட்டையை மேசைமேல் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி குனிகிறீர்கள். சிரமப்பட வேண்டாம். மேலே வாசகத்தை எடுத்தெழுதும்போது ‘ஒலிநாடா’ என்று எழுதிவிட்டேன். அட்டையில் அப்படி இல்லை. காதுக்கு உரியது ஒலி. கண்ணுக்கு உரியது ஒளி, டெக்கில் போட்டுப் பார்ப்பது. ‘லி’ போட்டிருந்தால், பாட்டு கேசட்டுக்காக எந்தப் போலீஸ்காரனும் காலனிவரை நடந்திருக்கமாட்டான். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பேனாவில் மை நிரப்பிக்கொண்டு, நிதானமாக ‘ளி’ போட்டேன். அட்டையில் இருப்பது ‘நீல ஒளிநாடாக்கள்’.

இருபத்தாறு வருடத்தில் தெரிந்தே நான் செய்த எழுத்துப்பிழை இது ஒன்றுதான் ஐயா. இதே அட்டை விடைத்தாளாக என்னிடம் திருத்த வந்திருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்.