பூசையில் வைத்த பற்றரிகள்

எனது பெயர் சிவகௌரி சபாரத்தினம். வயது அறுபத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தற்போது இந்த நாட்டில் நோர்பரி என்னும் ஊரில் என் மகள் அஜந்தா, மருமகன் பாலசுப்பிரமணியன் ஆகியோரின் வீட்டில் பின்பக்க அறையில் வசிக்கிறேன். வேறு முகவரி எனக்கு இல்லை. டூட்டிங்கில் மருமகன் நடத்தும் மின்சைக்கிள் திருத்தும் கடையில் ஏற்பட்ட தீ தொடர்பாக, காவல்துறை அதிகாரி கேட்டுக்கொண்டபடி, எனக்குத் தெரிந்ததைத் தமிழில் கூறுகிறேன்.

அந்தக் கடையில் பிறின்சி என்ற பெண் வேலை செய்தார். அவர் கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரி. அவருடைய வேலை விசா இந்தக் கடையின் பெயரிலேயே உள்ளது; வேலை போனால் விசாவும் போகும். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பழுதான பற்றரிகளை இங்குள்ள விதிப்படி குப்பைத் தொட்டியில் போடக்கூடாது என்பதால், பிறின்சி அவற்றின் இரு முனைகளிலும் தனித்தனியே டேப் ஒட்டி, 'பழுது, தொடாதே' என்ற மஞ்சள் லேபிளும் ஒட்டி, மணல் போன்ற ஒரு பொருள் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் வைப்பார். மறுசுழற்சி நிறுவனத்தின் வான் வண்டி வந்து எடுத்துச் செல்லும். இதை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆயுதபூசையன்று பின்னேரம் தேவாரம் பாடுவதற்காக என்னையும் கடைக்கு அழைத்துச் சென்றார்கள். எங்கள் வழக்கப்படி அன்று தொழில் செய்யும் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி படத்தின் முன் அடுக்குவோம். மறுநாள் விஜயதசமியன்று காலைப் பூசை முடியும் வரை அவற்றை யாரும் எடுப்பதில்லை. மருமகன் ஸ்குரூட்ரைவர், ஸ்பானர், சார்ஜர் முதலியவற்றை மேசையில் அடுக்கிய பின்னர் மேசை வெறுமையாகத் தெரிகிறது என்று சொல்லி, இரும்புப் பெட்டியைத் திறந்து பழுதான பற்றரிகளை வெளியே எடுத்தார். "எங்களுக்குச் சோறு போடுறது இந்தப் பழுதானதுகள்தானே, இதுகளுக்கும் ஒரு பொட்டு வைப்பம்" என்றார். அதன் பின்னர் சந்தனம் வைப்பதற்கு அசிங்கமாக இருக்கிறது என்று டேப்பை உரித்தார். லேபிளின் மேல் குங்குமம் வைத்தார். அதன் பின்னர் என் மகள் ஜரிகை மாலையை எடுத்து அவற்றின் மேல் வளைத்துப் போட்டார். அந்த மாலையை டூட்டிங் கடையொன்றில் வாங்கிக் கொடுத்தவள் நான்.

ஜரிகை பற்றி ஒன்று விளக்க வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தும். வகுப்பில் ஒரு சிறிய டோர்ச் பற்றரியின் இரு முனைகளையும் சொக்லேட் சுற்றிய வெள்ளித்தாளால் தொடுத்துக் காட்டுவேன். பிடித்திருக்கும் பிள்ளை சூடு தாங்காமல் கையை உதறும். அது விரலளவு பற்றரி. மின்சைக்கிள் பற்றரிக்குள் அதைப்போல் பல அடுக்கியிருக்கும். வேறு உதாரணமும் சொல்லத் தொடங்கினேன். அதிகாரி, புரிகிறது, அடுத்து நடந்ததைக் கூறும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த வேளையில் பின்னறையில் கை கழுவிக்கொண்டு வந்த பிறின்சி மேசையைப் பார்த்ததும் மாலையைத் தூக்கி எடுத்தார்.

"அண்ணை, இதுகளைத் திருப்பிப் பெட்டிக்குள்ள வைக்கட்டோ? இது பாருங்கோ, வயிறு ஊதிப்போய்க் கிடக்கு."

"பூசையில வைச்சதை எடுக்கப்படாது. வேதக்காரிக்கு இதெல்லாம் எங்க விளங்கப்போகுது" என்றார் மருமகன்.

"பற்றரிக்குச் சைவமும் தெரியாது, வேதமும் தெரியாது அண்ணை."

மகள் சிரித்துவிட்டார். மருமகன் சிரிக்கவில்லை. மாலையை வாங்கி முன்பு இருந்த இடத்திலேயே போட்டார். நான், "தம்பி, அந்தப் பிள்ளை சொல்லுறது சரி" என்றேன். "மாமி, நீங்கள் தேவாரத்தைப் படியுங்கோ" என்றார். நான் பாடினேன். அதன் பின்னர் பிறின்சி மீண்டும் ஒருமுறை பெட்டியின் அருகே சென்றார். மருமகன் அதன் மூடியை மூடி, அதன் மேல் பொங்கல் பானையை வைத்தார். அதன் பின்னர் விளக்கை அணைத்து, கடையைப் பூட்டி, எல்லோரும் வெளியேறினோம். பற்றரிகள் மேசையிலேயே இருந்தன.

மறுநாள் காலை நாங்கள் கடைக்குப் புறப்படும் முன்னரே தீ என்று தொலைபேசி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருந்த புனிதா என்பவரைத் தீயணைப்பு வீரர்கள் தூக்கி இறக்கினார்கள். அவர் காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. புகையைச் சுவாசித்ததால் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தீ எந்த இடத்தில் தொடங்கியது என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைக் கூறமாட்டேன்.

அதன் பின்னர் மருமகன், விசாரிக்க வந்த நகரசபை அதிகாரியிடம், பிறின்சி டேப் ஒட்டாமலும் பெட்டியில் வைக்காமலும் பற்றரிகளை வெளியே விட்டுச் சென்றதாகக் கூறினார். நான் அருகில் நின்றேன். அன்றே பிறின்சியை வேலையிலிருந்து நிறுத்தினார். பிறின்சி என்னைப் பார்த்தார்.

என்னை இங்கு வரும்படி அழைப்பு வந்த பின்னர், மருமகன் குசினியில் வைத்து என்னிடம், "பூசை நடந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ மாமி. மேசையில என்ன இருந்தது எண்டு கேட்டால் ஞாபகமில்லை எண்டுங்கோ. வயசுபோன ஆக்கள் மறக்கிறதுதானே" என்றார். மகள் அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பாமலே, "அம்மா, கடை போனால் இந்த வீடும் போகும்" என்றார். களைந்த அரிசியையே மீண்டும் மீண்டும் களைந்தார்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. டேப் ஒட்டியிருந்தது. அதை உரித்தவர் பாலசுப்பிரமணியன். திரும்ப வைக்கக் கேட்டவர் பிறின்சி. அவரைத் தடுத்தவரும் பாலசுப்பிரமணியனே.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. 'மகள் சிரித்துவிட்டார்' என்பதை நீக்கலாமா என்று அதிகாரி கேட்டார். நடந்ததால் அப்படியே இருக்கட்டும் என்றேன். யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் கூறிய இவை முழுவதும் உண்மை. பொய் என்று தெரிந்தால் சட்டப்படி தண்டனைக்கு உள்ளாவேன் என்பதையும் அறிவேன். என்னை இங்கு அழைத்து வந்த மருமகன் வெளியே காரில் காத்திருக்கிறார். கடிதங்களை மேலே கூறிய முகவரிக்கே அனுப்பவும். முகவரி மாறினால் அறிவிப்பேன்.

(ஒப்பம்) சி. சபாரத்தினம்