இடது கடைவாய்

நீங்கள் பேசும்போது கவனித்தேன், கீழ்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பி நிற்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். நான் செய்த செட்டில் மயிரிழை ஏற்ற இறக்கம் தெரிந்தாலும் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி வார்ப்பேன். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

என் கணவர் அதற்கு நேர்மாறு. செருப்புக் கடையில் விற்பனையாளர். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சிரித்தே விற்றுவிடுவார். அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு பல்வரிசை. அதைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

பக்கவாதம் வந்தபோது அந்தச் சிரிப்பின் இடது பாதி தொங்கிப்போனது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். மருந்து, துணி, குளியல் எதிலும் குறை வைக்கவில்லை. முகப் பயிற்சிக்குக் கண்ணாடி முன்னால் உட்காரவைப்பேன். சில நாள் அவர் அழுவார். அழும்போதும் வாய் கோணும். அதையும் நேராக்கச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கக்கா. இதுக்கு மேல தேறாது. உட்கார்றாரு, சாப்பிடுறாரு, உங்களப் பாத்துச் சிரிக்கிறாரு. இது போதும்னு நெனச்சுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

நியாயமான பேச்சு. அன்றிலிருந்து விட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். படுக்கை விரிப்பு சுருங்கியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்கு ஒரே சந்தோஷம். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே சொல், 'போதும்'. அதுவும் முழுதாக வராது, 'போம்' என்றுதான் வரும். சோறு ஊட்டினாலும் போம், போர்வை போர்த்தினாலும் போம். சொல்லிவிட்டுச் சிரிப்பார். வலது பக்கம் அந்தப் பழைய சிரிப்பு. இடது கடைவாயில் எச்சில். துடைப்பேன். மறுபடி சிரிப்பார்.

நாத்தனார் பார்க்க வந்தவள் கண்கலங்கிவிட்டாள். "அண்ணன் முகத்துல களை வந்திருச்சு அண்ணி. அதே சிரிப்பு அப்படியே இருக்கு பாருங்க."

"பாதி இருக்கு" என்றேன்.

கிண்டல் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

வெயில் தாழ்ந்ததும் அவரை வாசலுக்குக் கொண்டுபோவேன். சக்கர நாற்காலிக்காகப் படிகளை மூடிக் கட்டிய சரிவு, கீழே கேட், கேட்டை ஒட்டி லாரிகள் இறங்கும் சாலை. அன்று நாற்காலியை மேலே நிறுத்திவிட்டுச் சால்வை எடுக்க உள்ளே போனேன். பிரேக்கைப் பாதிதான் அழுத்தியிருந்தேன். முன்பெல்லாம் அழுத்திவிட்டு ஆட்டிப் பார்ப்பவள். இப்போதுதான் எதையும் இழுத்துப் பிடிப்பதில்லையே. லாரிக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை, ஸ்டேஷனில் உட்காரவைக்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலி நகரத் தொடங்கியதும் அவர் கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினார். பின்னாலிருந்து நான்தான் தள்ளுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. போம், என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்போது டம்ளரில் தண்ணீர் ஊற்றினால், நிரம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் 'போம்' கேட்கிறது. ஊற்றுவதை நிறுத்திவிடுகிறேன். சாப்பிடும்போதும் கேட்கிறது. தட்டை நகர்த்திவிடுகிறேன். நான் இளைத்துவிட்டதாக நாத்தனார் சொல்கிறாள். துக்கம் என்று அவளுக்கு நினைப்பு.

மணல் மூட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். சரிவு கட்டியதில் மிஞ்சிய மணல். அவர் எடைக்கு நிரப்பி நாற்காலியில் வைத்து, அவர் தூங்கும்போது, சாலையில் வண்டி இல்லாத நேரமாக, கேட்டைத் திறந்துவைத்து, சரிவில் உருட்டிப் பார்த்தேன். முதலில் பூந்தொட்டியில் முட்டி நின்றது. தொட்டியை நகர்த்தினேன். அப்புறம் பாதி வழியில் திரும்பிக்கொண்டது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். அடுத்த தடவை கேட்டைத் தாண்டிச் சாலைக்கே போய்விட்டது, ஆனால் கொஞ்சம் கோணலாக. அதுவே போதுமாக இருந்திருக்கும். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மூட்டையை மறுபடி மேலே இழுத்து வந்தேன்.