வராத பொண்டாட்டிக்கும் சம்பளம்

எழுபதுகளின் தொடக்கம். வைகாசி முகூர்த்த நாளானதால் பல்லடம்–திருப்பூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடமிருந்தது. என் பக்கத்தில், கார் பழுதாகி பஸ் ஏறியிருந்த ஒரு பனியன் கம்பெனி முதலாளி. பெண்கள் இருக்கையில், அவர் புதிதாக மேனேஜராக்கியிருந்த பெண்மணி.

“பழனிச்சாமி மேனேஜரா இருந்தப்பக் குடுத்த சம்பளத்தையே எனக்கும் குடுங்க. இல்லீன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க.”

“அவன் ஆம்பளை, அம்மிணி. குடும்பத்தைக் காப்பாத்தோணுமில்ல?”

“அவருக்குக் கல்யாணமே ஆகலீங்களே!”

“நாளைக்கு ஆகுமில்ல.”

“வராத பொண்டாட்டிக்குச் சம்பளம் உண்டு, எங்கூட்டுல இருக்கற மூணு குழந்தைக்குக் கெடையாதுங்களா?”

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

“சர்க்கார் ஆபீசுல ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளமுங்க.”

“சர்க்கார் பனியனா விக்குது?”

“செரிங்க. எங்கூட்டுக்காரரை மேனேஜராப் போட்டு, ஆம்பளைச் சம்பளத்தைக் குடுங்க. அவரு ஊட்டுல படுத்திருக்கட்டும். வேலையை நான் வந்து பாத்துக்கறேன்.”

பஸ் அருள்புரம் ஸ்டாப்புக்கு வரும்வரை முதலாளி யோசித்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

“அவருக்குப் பனியன் தொழில் தெரியுமா, அம்மிணி?”

“ஒண்ணுந் தெரியாதுங்க. ஆனா, ஆம்பளைதானுங்க.”