ஸ்பிரிங் சவரி

ஸ்பிரிங் சவரியா? தெரியாம என்னங்க, நல்லாத் தெரியும். அந்த மரப்பெட்டி மேல ஒக்காருங்க, பேப்பர் போட்டிருக்கேன், வேட்டி அழுக்காவாது. பொண்ணு குடுக்கற விசயமா விசாரிக்க வந்தேன்னு வந்ததும் சொல்லியிருக்கலாமில்லீங்க? பிளக்கு பாருன்னீங்க, காத்துப் பாருன்னீங்க, பிரேக்க இறுக்குன்னீங்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல, இவரு மனசுலதான் ஏதோ கெடக்குதுன்னு நானும் நெனச்சுக்கிட்டேதான் பாத்தேன்.

என்ன சொன்னான்? கூட்டாளின்னு ஒருத்தன் இருந்தான், வேலை தெரியாதவன், வண்டியக் கெடுத்து ஒரு மனுசன் காலை எடுத்துட்டான், ஜெயிலுக்குப் போயிட்டான். ம். பேரு சொன்னானுங்களா? சொல்லல.

அருள்சாமிங்க. நாந்தான் அது.

எந்திரிக்காதீங்க, இருங்க. டீ சொல்லியிருக்கேன். ஜெயிலுக்குப் போனது நெசம். ஆறு மாசம், சேலத்துல. எண்பத்தி நாலுல. இந்த பென்னாகரத்துல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, நான் மறைச்சதே இல்ல. ஆனா வேலை தெரியாதவன்னு சொன்னான் பாருங்க, அதத்தாங்க தாங்க முடியல. மூணு வருசமா இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரியறான். இன்னும் தாங்க முடியல.

நானும் அவனும் சேலத்துல ஒரே மேஸ்திரிகிட்ட வேலை கத்துக்கிட்டவங்க. ஒரே தட்டுல சாப்ட்டிருக்கோம். எங்கப்பா செத்தப்ப குழிக்கு மொத மண்ணு நான் போட்டேன், ரெண்டாவது மண்ணு அவன் போட்டான். அப்புறமேட்டு தருமபுரி நாலு ரோட்டுல சேந்து கடை போட்டோம். அருள் சவரி ஒர்க்ஷாப்புன்னு போர்டு. எம் பேரு முன்னாடி வரட்டும், நீதான் மூத்தவன்னு அவனே சொன்னான்.

ஸ்பிரிங்கா? வரேன், அதுக்குத்தான் வரேன்.

கடத்தூர்ல சென்னப்பன்னு ஒரு ஜவுளிக்காரரு. வாராவாரம் சேலம் போயி ரெண்டு மூட்டை துணி எடுத்து புல்லட்டுல பின்னால கட்டிக்கிட்டு வருவாரு. தொப்பூர் மேடு ஏறித்தான வரணும்? ஒரு நா வந்து நின்னாரு. அருளு, மேட்டுல எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நவுர மாட்டேங்குதுன்னாரு. கிளட்சு நழுவுதுங்க. உள்ள இருக்கற பிளேட்டுங்கள அமுக்கிப் புடிக்கறதுதான் ஸ்பிரிங்கு வேலை. ஒத்தை ஆளுக்கு அது போதும். அத்தனை பாரத்த ஏத்திக்கிட்டு அந்த மேட்டுல வந்தா எப்படிப் புடிக்கும்?

நான் சேலம் செவ்வாப்பேட்டையில ஸ்பிரிங்கு சுத்தற ஒரு பாயைப் புடிச்சேன். அதே உசரம், அதே வட்டம், கம்பி மட்டும் ஒரு கேஜு தடிமனா வேணும் பாய்னு. மொத செட்டு மாட்டினா, பீச்சாங்கையி வெரலு நாலும் மரத்துப் போச்சு, கிளட்சு லிவரப் புடிக்கவே முடியல. ரெண்டாவது செட்டு பத்தல. மூணாவது செட்டுதான் சரியா வந்துது. வந்ததும் குடுத்துடலீங்க. நானே ரெண்டு மூட்டை கேவுரு கட்டிக்கிட்டு மூணு நாளு தொப்பூர்ல ஏறி ஏறி எறங்கினேன். சவரி கடையில ஒக்காந்து சிரிச்சான். பாக்கறவங்க நீ கேவுரு கடத்தறேன்னு நெனைக்கப் போறாங்கடான்னான்.

சென்னப்பனுக்கு அவ்வளவு சந்தோசம். அப்புறம் பால் கேன் கட்டறவங்க, பாலக்கோட்டுல இருந்து தக்காளிக் கூடை கட்டறவங்க, எல்லாரும் வந்தாங்க. அந்தக் கெட்டி ஸ்பிரிங்கு மாட்டுப்பான்னு வருவாங்க. அது என் கையில பொறந்ததுங்க. அவன் பேருல இப்ப ஓடுது பாருங்க, அது.

எட்டு மாசம் கழிச்சு சென்னப்பன் வண்டி மறுபடியும் நழுவிச்சு. இந்தத் தடவை ஸ்பிரிங்கு இல்ல, பிளேட்டு தேஞ்சு போச்சு. நான் சாமான் வாங்க பெங்களூர் போயிருந்தேன். இவன்தான் கடையில. பிளேட்டு வர ரெண்டு நாளாவும், வண்டிய வுட்டுட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லலீங்க. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ரெண்டு ரெண்டு வாசரு வச்சு முடுக்கி அனுப்பிட்டான். அப்படி வச்சா இன்னும் அமுக்கும், நழுவாது. அது சரிதான். ஆனா நாம லிவரப் புடிக்கறப்ப அந்த ஸ்பிரிங்கு இன்னும் கொஞ்சம் சுருங்கணுமில்லீங்க? அப்பத்தான பிளேட்டு வுடும்? தடிச்ச கம்பி, அதுல வாசரு வேற. சுருங்க எடமே இல்ல. கிளட்சப் புடிச்சாலும் சக்கரத்துக்கு இழுவை போய்க்கிட்டேதான் இருக்கும்.

லிவரு கல்லாட்டம் இருக்குதேன்னு சென்னப்பன் கேட்டிருக்காரு. பழகினா சரியாயிடும்னு சொல்லியிருக்கான்.

புதன்கிழமை, உச்சி வெயிலு. தொப்பூர்ல வளைவுக்கிட்ட முன்னால போன லாரி நின்னுடுச்சு. இவரு கிளட்சப் புடிச்சாரு, பிரேக்க மிதிச்சாரு. வண்டி வுடல. முண்டிக்கிட்டு நேரா லாரிக்கு அடியில கொண்டு போய்ச் சொருவிடுச்சு. முட்டிக்குக் கீழ காலு எடுத்துட்டாங்க. கிளட்சப் புடிச்சேன், வண்டி என்னை வுடலன்னு அதையே சொல்லிக்கிட்டு கெடந்தாராம் ஆஸ்பத்திரியில.

மறுநாளு ஸ்டேசன்ல பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து வண்டியக் கழட்டச் சொன்னாரு. எங்கையாலதான் கழட்டினேன். வாசருங்க ஒவ்வொண்ணா வுழுந்துது. நான் திரும்பி சவரியப் பாத்தேன். அவன் மண்ணப் பாத்துக்கிட்டு நின்னான். யாரு வச்சதுய்யான்னு இன்ஸ்பெக்டரு கேக்கறாரு. சாயங்காலம் வந்து சொல்லுங்கன்னு அனுப்பிட்டாங்க.

கடைக்கு வந்ததும் சவரி என்னைப் பின்பக்கம் இழுத்துக்கிட்டுப் போயி காலப் புடிச்சுக்கிட்டான். நெசமா, ரெண்டு காலையும். அருளு, ஸ்பிரிங்கு உன்னோடதுன்னு ஊருக்கே தெரியும். நான் போட்டேன்னாலும் நம்ப மாட்டாங்க, நீ ஒப்புக்க, வக்கீல நான் பாத்துக்கறேன், கோர்ட்டுல வுட்டுடுவாங்க, நான் இப்ப உள்ள போனா எல்லாம் கெட்டுடும்னான். எல்லாம் கெட்டுடும், எல்லாம் கெட்டுடும்னு அதையே சொன்னான்.

போயி கையெழுத்துப் போட்டேன். நாந்தான் வச்சேன்னு.

வக்கீலா? எங்கீங்க வந்தாரு. கோர்ட்டுல சென்னப்பன் கட்டைய ஊனிக்கிட்டு வந்து நின்னாரு. திட்டுவாருன்னு பாத்தேன். உன்னை நம்பித்தான வண்டிய வுட்டேன் அருளுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஆறு மாசமும் அந்தப் பேச்சுதாங்க காதுல. சவரி ஒரு தரம் கூட வந்து பாக்கல. ஒரு கார்டு போடல.

வெளிய வந்து நேரா கடைக்குத்தான் போனேன். போர்டுல எம் பேரு மேல பெயிண்டு அடிச்சிருந்துது. மேசை மேல டப்பா டப்பாவா ஸ்பிரிங்கு அடுக்கியிருக்கான். டப்பா மேல ஸ்பிரிங் சவரின்னு காயிதம் ஒட்டியிருக்குது. அதே செவ்வாப்பேட்டை பாய்கிட்ட, என் அளவக் குடுத்து சுத்தி வாங்கினது. ஒண்ணு எடுத்துப் பாத்தேன். அவ்வளவு நல்லா இருந்துதுங்க. என்னடா சவரி இதுன்னேன். கடையில ஆளுங்க இருந்தாங்க. என்னை யாரோ மாதிரி பாத்துட்டு, வேணும்னா ஒரு செட்டு எடுத்துக்கப்பான்னான்.

எடுத்துக்கலீங்க. பஸ் ஏறி இங்க வந்துட்டேன்.

பொறாமையில பேசறேன்னு தோணுதா? தோணட்டும், தப்பில்ல. நான் எங்க போய்ச் சொன்னாலும் அதான். போன வருசம் மனசு கேக்காம கடத்தூர் போயி சென்னப்பன்கிட்டயே எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டாரு. கையெழுத்து யாருதுன்னாரு. என்னுதுன்னேன். அப்ப கம்முனு போன்னுட்டாரு. அவரு கேட்டது நாயந்தான? நீங்களும் அதத்தான் கேக்கறீங்க. செய்யாததுக்கு எவனாவது கையெழுத்துப் போடுவானான்னு.

எனக்கு ஒரு தங்கச்சிங்க, ரோசம்மா. சவரிக்குத்தான் அவளப் பேசி முடிச்சிருந்துது. எங்க மாதா கோயில்ல, கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு வாசிக்கற கல்யாண ஓலையில ரெண்டு வாசிச்சாச்சு. சென்னப்பன் வுழுந்தப்ப மூணாவது ஓலைக்கு நாலு நாளுதான் இருந்துது. பந்தலுக்கு ஆளு சொல்லியாச்சு. மாப்பிள்ளை உள்ள போயிட்டா இவ கதி என்னன்னுதான் போயி கையெழுத்துப் போட்டேன். மூணாவது ஞாயிறு பூசையில ஓலை வாசிக்கலீங்க. ஜெயிலுக்குப் போனவன் வூட்டுல பொண்ணு எடுக்கறதில்லன்னு அவங்கம்மா சாமியார்கிட்ட சொல்லி நிறுத்திட்டாங்க. இவன் பக்கத்துலயே நின்னானாம். திங்கக்கிழமை ரோசம்மா சப்ஜெயிலுக்கு வந்தா. அழுவல. யாரக் கேட்டு கையெழுத்துப் போட்டேன்னா. அண்ணா, அவன் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரிய வுட்டிருக்கலாமில்லன்னா. அதுக்கப்புறம் ஒரு வருசம் எங்கூடப் பேசல.

இந்தாங்க, டீ வந்துடுச்சு. குடிங்க, ஆறிடும். குடுங்க, குடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேங்க. உங்க பொண்ணு, உங்க இஷ்டம். அவனுக்கு உங்க பக்கம் பேசறாங்கன்னு போன வாரமே காதுல வுழுந்துது, ரோசம்மாகிட்டயும் சொன்னேன். சேந்தாப்ல மூணு ஓலைக்கும் நான் அந்தப் பொண்ணு வூட்டுக் கோயிலுக்குப் போவணும், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு சாமியாரு வாசிக்கறப்ப எந்திரிச்சு நிக்கணும், நாளக் கேட்டு வைன்னு மட்டும் சொன்னா.

உங்க கோயில்ல மொத ஓலை எந்த ஞாயிறுங்க?