ஆளுக்கொரு மயக்கம்

எனக்குச் சண்டை பிடிக்காது. குழம்பில் உப்பில்லை என்றால்கூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போகிறவன் இந்தப் புருஷோத்தமன். விசாரிக்க வந்திருக்கிறீர்கள், இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

மரக்காணம் உப்பளத்துப் பெண்களுக்கு வெயிலில் எத்தனை முறை மயக்கம் வருகிறது என்று ஆய்வு. பதிவேடு என் கையில். பிரியதர்ஷினி டாக்டர் பயிற்சியிலேயே தெளிவாகச் சொன்னார்: "யாருக்கு வந்துச்சுன்றது மட்டும் போதாதுங்க. ஒருத்தருக்கே திரும்பத் திரும்ப வருதா, எத்தனை நாள் இடைவெளியில வருதுன்னு வெச்சுத்தான் கணக்கு போடுவோம். மூணு தடவை ஆயிட்டா உடனே பாண்டிச்சேரிக்கு அனுப்பி கிட்னியப் பாக்கணும்." தலையாட்டினேன். பிரியாணி வருகிற நேரம் வேறு.

மயக்கம் ஒன்றுக்கு ஒரு குளுக்கோஸ் டப்பா என்று வைத்தது உங்கள் ஆய்வு ஆபீஸ்தான். நான் மேஸ்திரியாக இருக்கும் செட்டில் பதினோரு பெண்கள். மலர்கொடி இரண்டாம் முறை விழுந்ததும் மங்கம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்கு மட்டும் ரெண்டு டப்பாவா? நாங்க இன்னா நெழல்லயா நிக்கிறோம்?"

உப்பு வாரும் வேலை நின்றது. எங்கள் செட்டில் எது வந்தாலும் சமபங்கு. பொங்கல் கரும்பைக்கூடக் கணு எண்ணித்தான் வெட்டுவோம். அந்த மயக்கத்தை மங்கம்மா பெயரில் எழுதி, டப்பாவையும் அவளிடமே கொடுத்தேன். மூன்றாம் முறையும் மலர்கொடிதான் விழுந்தாள்; அது சின்னப்பாப்பா பெயருக்கு. நான்காவதற்குள் ஒரு வரிசையே வந்துவிட்டது.

"ஏண்ணா, வுழுந்தது நானு, டப்பா அவளுக்கா?" என்றாள் மலர்கொடி.

"உனக்குத்தான் ஏற்கெனவே வந்துட்டுதேம்மா. விட்டுக் குடு."

சிரித்தாள். தங்கமான பெண். எட்டாவது முறை எழுந்தபோது, "கால் வீங்குதுண்ணா, என்னை பாண்டிக்கு அனுப்ப மாட்டாங்களா?" என்று கேட்டாள். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். "உன் பேர்ல ஒண்ணுதானம்மா இருக்குது. மூணு ஆவட்டும்." நான் பொய் சொல்லவில்லை.

சென்னையில் கணக்கு போடும் கௌதம் சார் அசந்துபோனாராம். இங்கே ஒருத்திக்குக்கூட இரண்டாம் மயக்கம் இல்லை. ஒருமுறை விழுந்தால் உடம்பு வெயிலுக்குப் பழகிவிடுகிறதோ என்று எழுதியிருந்தார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பன்னிரண்டாம் முறை மலர்கொடி எழவில்லை. கிட்னி எப்போதோ போய்விட்டது என்றார்கள். அழுதேன் ஐயா, மறைக்கவில்லை. அதற்குள் செட்டில் எல்லாருக்கும் ஒரு சுற்று முடிந்திருந்ததால் அதை அவள் பெயரிலேயே எழுதினேன். அந்த டப்பாவை நானே கொண்டுபோய் அவள் வீட்டில் கொடுத்துவிட்டு, கையெழுத்தும் வாங்கிவந்தேன்.