கொட்டிலைக் கலைக்காதீர்கள்

கொளுத்தும் வெயிலிலும் குளிர்ந்த முகத்தோடு தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் கோதண்டராமன் அண்ணன் அவர்களே! மேடையை அழகுசெய்யும் பெரியோர்களே! தீவனம் கலக்கிய கை காய்வதற்குள் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! மதுராந்தகத்திலிருந்தும் திருப்போரூரிலிருந்தும் திரண்டு வந்திருக்கும், பன்றி வளர்க்கும் என் பங்காளிகளே! படாளத்துப் பண்ணைக்காரி அமிர்தவல்லியின் பணிவான வணக்கம்!

இன்று இங்கே ஒரு தீர்மானம். சென்ற ஆண்டு நாம் கைவிட்ட பிளேடை மறுபடி கையிலெடுக்க வேண்டுமாம். பால் மறக்காத ஆண் குட்டியை, மரத்துப்போகிற ஊசிகூடப் போடாமல், காலைப் பிடித்துத் தூக்கிக் காயடிக்க வேண்டுமாம். ஏன்? காயடிக்காத ஆண் பன்றிகள் சண்டை போடுகின்றனவாம்!

போடுகின்றன. மறுக்கவில்லை. யாரால் போடுகின்றன? அதைத்தான் கேட்க வந்தேன்.

தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சென்ற மாதம் தீவனம் வாங்க அவர் பண்ணைக்குப் போனேன். வியாபாரி வருகிறார் என்று, வழக்கம்போலப் பன்றிகளைப் பருமன் பார்த்துப் பிரித்திருந்தார்கள். பெருத்தவை ஒரு கொட்டிலில், சிறுத்தவை ஒரு கொட்டிலில். பிறந்தது முதல் ஒன்றாய் உண்டு ஒன்றாய் உறங்கிய உடன்பிறப்புகள் பிரிந்தன. முன்பின் பாராதவை முட்டிக்கொண்டன. காது கிழிந்தது, முதுகு கிழிந்தது. மற்றவை மாறி மாறி மேலேறி மிதித்ததில், ஒன்று மூலையில் கிடந்து மூச்சு வாங்கியது. பக்கத்தில்தான் தண்ணீர்க் குழாய். அதுவரை போகவும் அதற்குத் தெம்பில்லை.

என் பண்ணையிலும் காயடிக்காத ஆண்கள்தாம். ஆனால், ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒரே கொட்டிலில். விற்கும் நாள்வரை கலைப்பதில்லை. புதிதாய் ஒன்றைச் சேர்ப்பதுமில்லை. தாராளமான இடம், தட்டுப்பாடில்லாத தீனி, கிளறி விளையாட வைக்கோல். உரசல் உண்டு, உதிரம் கொட்டும் சண்டை இல்லை.

என்ன தம்பி, பின்வரிசையிலிருந்து? "பெருசும் சிறுசுமா குடுத்தா வியாபாரி எடுத்துக்கினு போவாரா யக்கா?" நியாயமான கேள்வி! என்னிடமும் முகம் சுளித்தார். "கொட்டிலோட எடு, இல்லன்னா வண்டிய திருப்பு" என்றேன். எடுத்துக்கொண்டு போனார், மறுபடியும் வந்தார். காயடிக்காவிட்டால் கறியில் வாடை வருமே என்கிறீர்களா? முற்றவிடாமல் இளசிலேயே விற்கிறேன், அவ்வளவுதான்.

கலைத்தது யார் கை? நம் கை! கத்தி யார்மேல்? குட்டிமேல்! இது என்ன நியாயம்?

தலைவர் இப்போது கை தூக்கச் சொல்வார். தூக்குங்கள். ஆனால் தூக்குகிற கையே நாளைக்குப் பிளேடையும் பிடிக்கட்டும். கூலிக்கு ஆள் வைக்காதீர்கள். குட்டியின் அலறல் அடங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். எங்கே, தூக்குங்கள் பார்ப்போம்!

ஒரு கையும் எழவில்லையே! அண்ணே, உங்கள் கையும் மடியில்தானே இருக்கிறது? அப்படியே இருக்கட்டும். அந்தக் கைக்கு என் நன்றி. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!